ரஷ்யப் பியானோ ட்ரியோக்களைக் கேட்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பியானோ, ஒரு வயலின், ஒரு செல்லோ (வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிடப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வாத்தியம்). இந்த மூன்றுக்காக ரஷ்ய இசையமைப்பாளர்கள் எழுதியவற்றில் தலைசிறந்தவை பெரும்பாலும் இறந்துபோன ஒருவரை நினைத்து எழுதப்பட்டவை. அவற்றை மேடையில் கேட்கப் போகும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். மேற்கத்திய இசையின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எந்தப் படைப்பு யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டு போங்கள். மீதியைக் காது பார்த்துக்கொள்ளும்.

சேம்பர் இசை என்றால் என்ன?

வீட்டுக் கூடத்தில் வாசிப்பதற்காகப் பிறந்த இசை. ஒரு வரியை ஒரே ஒருவர்தான் வாசிப்பார். சிம்பொனியில் பத்துப் பதினைந்து வயலின்கள் சேர்ந்து ஒரே வரியை வாசிக்கும். இங்கே அந்த வரிக்கு ஒருவர்தான் பொறுப்பு. முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநர் கிடையாது. மூச்சை இழுப்பதையும் தலையசைப்பையும் பார்த்தே ஒருவரோடொருவர் சேர்ந்துகொள்கிறார்கள். பியானோவோடு இரண்டு தந்தி வாத்தியங்கள் சேர்ந்தால் ட்ரியோ. வழக்கமாக வயலினும் செல்லோவும். நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்தால் பியானோ குவின்டெட்.

ஒரு மாலை நிகழ்ச்சியில் என்னென்ன இருக்கும்?

பல ஊர்களில் நான் பார்த்த வரிசை இது: முதலில் ரக்மானினவின் ஜீ மைனர் ட்ரியோ (ஜீ மைனர் போன்றவை படைப்பின் சுருதியையும் சுர அமைப்பையும் குறிக்கும் பெயர்கள்), சுமார் 15 நிமிடம். பிறகு ஷோஸ்தகோவிச்சின் இரண்டாவது ட்ரியோ, 27 நிமிடம் போல. இடைவேளை. அதற்குப் பின் சாய்கோவ்ஸ்கியின் ஏ மைனர் ட்ரியோ மட்டும். அது முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். சில குழுக்கள் தொடக்கத்தில் அரென்ஸ்கியை வைப்பார்கள். கூடுதலாக இருவர் கிடைத்தால் ஷோஸ்தகோவிச்சின் குவின்டெட்டும் உண்டு. சாய்கோவ்ஸ்கிக்குப் பிறகு வேறு எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அது எப்படி முடிகிறது என்று கடைசிப் பதிலில் படித்தால் காரணம் புரியும்.

ரஷ்யர்களின் ட்ரியோக்கள் எல்லாம் ஏன் இரங்கலாகவே இருக்கின்றன?

எல்லாம் அப்படியல்ல. தனேயெவின் டீ மேஜர் ட்ரியோ போன்ற வெளிச்சமான படைப்புகளும் உண்டு. ஆனால் இரங்கல் ட்ரியோ என்பது ரஷ்யாவில் ஒரு மரபாகவே வேர்விட்டது, அதன் வேரையும் ஆண்டோடு சுட்டிக்காட்ட முடியும்: 1882.

நம் மொழியில் புரவலனோ நண்பனோ இறந்தபின் புலவன் பாடும் பாட்டுக்குக் கையறுநிலை என்று ஒரு துறையே இருக்கிறது. இனி என்ன செய்வது என்று கை ஓய்ந்து நிற்கும் நிலை. ரஷ்ய ட்ரியோவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. நிக்கொலாய் ரூபின்ஸ்டைன் இறந்தபோது சாய்கோவ்ஸ்கி ஒரு ட்ரியோ எழுதினார். சாய்கோவ்ஸ்கி இறந்தபோது ரக்மானினவ் ஒன்று எழுதினார். செல்லோக் கலைஞர் டேவிடோவின் நினைவாக அரென்ஸ்கி ஒன்று எழுதினார். ஐம்பது ஆண்டு கழித்து, உலகப் போரின் நடுவே, தோழர் சொல்லெர்தின்ஸ்கி இறந்தபோது ஷோஸ்தகோவிச்சும் அதே மூன்று வாத்தியங்களைத் தேடிப் போனார். ஒருவர் விளக்கில் இன்னொருவர் விளக்கேற்றியது போன்ற தொடர் இது.

யார் இந்த ரூபின்ஸ்டைன்?

மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியை 1866இல் நிறுவியவர். பெரிய பியானோ கலைஞர், நடத்துநர். இருபத்தைந்து வயதுச் சாய்கோவ்ஸ்கியை மாஸ்கோவுக்கு அழைத்து வந்து வேலை கொடுத்து, தன் வீட்டிலேயே தங்கவும் வைத்தவர். 1874 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சாய்கோவ்ஸ்கி தம் முதல் பியானோ கன்செர்ட்டோவை (ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு தனிக் கலைஞர் வாசிக்கும் படைப்பு) வாசித்துக் காட்டியபோது, இது வாசிக்க முடியாதது, உதவாதது என்று கடிந்து தள்ளியவரும் இவர்தான். சாய்கோவ்ஸ்கி ஒரு சுரத்தைக்கூட மாற்ற மறுத்தார். அடுத்த ஆண்டே மாஸ்கோவில் அதே கன்செர்ட்டோவை ரூபின்ஸ்டைன் நடத்தினார். பின்னாளில் தாமே அதை வாசித்துப் புகழ் சேர்த்தார். அந்த மாஸ்கோ நிகழ்ச்சியில் பியானோவில் உட்கார்ந்தவர் சாய்கோவ்ஸ்கியின் மாணவர் தனேயெவ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

ரூபின்ஸ்டைன் 1881 மார்ச்சில் பாரிஸில் இறந்தார்.

சாய்கோவ்ஸ்கிக்குப் பியானோ ட்ரியோவே பிடிக்காது என்கிறார்களே?

உண்மைதான். இந்தப் படைப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை.

அவருக்குப் பல ஆண்டுகள் பண உதவி செய்த நதேழ்தா வான் மெக் அம்மையார், 1880இல் தம் வீட்டில் ஒரு ட்ரியோ வைத்திருந்தார். அதில் பியானோ வாசித்தது பதினெட்டு வயதுப் பிரெஞ்சுப் பையன் ஒருவன். பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான அவன் பெயர் குளோட் டெபுஸி. எங்களுக்காக ஒரு ட்ரியோ எழுதித் தாருங்கள் என்று அம்மையார் கேட்டார். சாய்கோவ்ஸ்கி மறுத்துவிட்டார். பியானோவின் ஒலியும் வயலின், செல்லோவின் ஒலியும் ஒன்றோடொன்று கலக்காது, அந்தச் சேர்க்கையைக் கேட்பதே தனக்கு வேதனை என்ற பொருளில் பதில் எழுதினார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பியானோவின் ஒலி, சுத்தியல் தந்தியில் பட்ட கணத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். வில்லால் வாசிக்கும் தந்தியில் சுரத்தை நீட்டலாம், ஏற்றலாம், நடுங்க வைக்கலாம். ஒன்று தேய்கிறது, மற்றது நிற்கிறது. எப்படி ஒட்டும்?

ஆனால் 1881 டிசம்பரில் ரோமிலிருந்து அதே அம்மையாருக்குக் கடிதம் போகிறது: ட்ரியோ எழுதத் தொடங்கியிருக்கிறேன் என்று. சில வாரங்களில் முடித்துவிட்டார். வாழ்நாளெல்லாம் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய கை, சிம்பொனி இசையையே ட்ரியோவாக மாற்றி வைத்துவிட்டதோ என்று அவருக்குள் ஓர் அச்சமும் இருந்தது. 'ஒரு மாபெரும் கலைஞரின் நினைவாக' என்று தலைப்பின் கீழே எழுதினார்.

ஒட்டாது என்று அவர் வெறுத்த சேர்க்கையே இரங்கலுக்குச் சரியாகப் பொருந்திவிட்டது என்று நான் நம்புகிறேன். போனவர் பியானோ கலைஞர். தேய்ந்துகொண்டே போகும் பியானோவின் ஒலியும் அதைப் பிடித்து வைக்கப் பார்க்கும் இரண்டு தந்திகளும் சேரும்போது, இழப்பு வாத்தியங்களின் இயல்பிலேயே கேட்கிறது. இது என் காது சொல்வது; சாய்கோவ்ஸ்கி இப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை.

ரூபின்ஸ்டைனின் முதலாண்டு நினைவு நாளில், 1882 மார்ச்சில், மாஸ்கோ கன்சர்வேட்டரியில் நெருங்கியவர்களுக்கு முன்னால் அது முதன்முதலாக வாசிக்கப்பட்டது. பியானோவில் தனேயெவ்.

இரண்டாவது பகுதியில் ரூபின்ஸ்டைனின் வாழ்க்கைக் கதை வருகிறதா?

இந்த ட்ரியோவுக்கு இரண்டே பகுதிகள்தான். முதலாவது நீண்ட இரங்கல். செல்லோ தொடங்கிவைக்கும் அந்த மெட்டை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டீர்கள். இரண்டாவது, எளிய நாட்டுப்புற மெட்டுப் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு அதைப் பல வடிவங்களில் மாற்றி மாற்றித் தருவது. ஐந்தாவது மாறுபாட்டில் பியானோவின் உச்சியில் பொம்மைப் பெட்டி இசை போலக் கிணுகிணுக்கும். ஆறாவது வால்ட்ஸ் நடனம். எட்டாவது ஃபியூக், அதாவது ஒரே வரியை ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொண்டு துரத்தும் வடிவம். பத்தாவது போலந்தின் மசூர்க்கா நடனம்.

ஒவ்வொரு மாறுபாடும் ரூபின்ஸ்டைன் வாழ்வின் ஒரு சம்பவம் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர்கள் உண்டு. சாய்கோவ்ஸ்கிக்கு அது வேடிக்கையாக இருந்தது. எதையும் சித்திரிக்கும் எண்ணமில்லாமல் எழுதியதில் மற்றவர்கள் கதை கண்டுபிடிக்கிறார்களே என்று வியந்தார். ஆகவே கதையைத் தேடாமல் கேளுங்கள். துக்க வீட்டில் போனவரைப் பற்றிப் பேசும்போது நடுவில் சிரிப்பும் வந்துவிடும் இல்லையா, அந்த மனநிலைதான் இந்த மாறுபாடுகளில் இருக்கிறது.

எட்டாவது மாறுபாட்டைச் சில குழுக்கள் விட்டுவிடுவார்கள். சாய்கோவ்ஸ்கியே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார் என்பதால் குற்றமில்லை. எனக்கு அதையும் கேட்க வேண்டும்.

ரக்மானினவ் இரண்டு 'இரங்கல் ட்ரியோ' எழுதியிருக்கிறாராமே? எது எது?

இதில் பலருக்கும் குழப்பம் வருகிறது. ஜீ மைனர் ட்ரியோ 1892 ஜனவரியில், அவருக்குப் பதினெட்டு வயதில், சில நாட்களில் எழுதி முடித்தது. ஒரே பகுதி. பெயரில் இரங்கல் இருந்தாலும் யாருக்கும் காணிக்கை இல்லை. அப்போது சாய்கோவ்ஸ்கி உயிரோடு இருந்தார். ஆனால் அவருடைய ட்ரியோவின் நிழல் இதன்மேல் நன்றாகவே விழுந்திருக்கிறது: இதுவும் சவ ஊர்வல நடையில்தான் முடிகிறது. இது அச்சில் வந்தது 1947இல், ரக்மானினவ் இறந்து நான்கு ஆண்டு கழித்து.

இரண்டாவதான டீ மைனர் ட்ரியோ, ஓபஸ் 9 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்), உண்மையான இழப்பில் பிறந்தது. சாய்கோவ்ஸ்கி இறந்தது 1893 நவம்பர் 6. அன்றைய ரஷ்ய நாட்காட்டியில் அக்டோபர் 25. அதே நாளில் ரக்மானினவ் எழுத உட்கார்ந்தார். டிசம்பரில் முடித்தார். காணிக்கை வரியைப் பாருங்கள்: 'ஒரு மாபெரும் கலைஞரின் நினைவாக'. ரூபின்ஸ்டைனுக்குச் சாய்கோவ்ஸ்கி எழுதிய அதே சொற்களை இருபது வயது இளைஞர் எடுத்து, அவற்றை எழுதியவருக்கே திருப்பிச் செலுத்தினார். இதன் இரண்டாம் பகுதியில் மாறுபாடுகளுக்கு அடிப்படையான மெட்டு, 'பாறை' என்ற அவருடைய ஆர்க்கெஸ்ட்ரா படைப்பிலிருந்து வருகிறது. அந்தப் படைப்பைத் தாம் நடத்துவதாகச் சாய்கோவ்ஸ்கி வாக்களித்திருந்தார். அதற்குள் காலம் முடிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டபின் அந்த மெட்டை என்னால் பழையபடி கேட்க முடிந்ததில்லை.

அரென்ஸ்கி யார்? பெயரே கேள்விப்படவில்லையே.

ரக்மானினவின் ஆசிரியர்களில் ஒருவர். இவர் சீக்கிரம் மறக்கப்படுவார் என்று இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் எழுதிவைத்தார். பெருமளவு அப்படியே நடந்தது, ஆனால் 1894இல் எழுதிய டீ மைனர் ட்ரியோ மட்டும் மறக்கப்பட மறுத்துவிட்டது. 1889இல் இறந்த கார்ல் டேவிடோவின் நினைவாக எழுதியது. செல்லோக் கலைஞர்களின் ஜார் (பேரரசர்) என்று சாய்கோவ்ஸ்கி அழைத்த மனிதர் அவர். மூன்றாம் பகுதியில், மியூட் பொருத்தி ஒலி தணித்த செல்லோ முதலில் பாடும். வயலின் பின்னால் வந்து பதில் சொல்லும். டேவிடோவ் வாசித்த செல்லோ, இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1712இல் செய்தது, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஜாக்குலின் டு பிரே வாசித்ததும் பிறகு யோ-யோ மா கைக்குப் போனதும் அதுதான்.

இன்னொரு அதிசயம்: எழுதிய அதே 1894இல், அரென்ஸ்கியே பியானோவில் உட்கார்ந்து வாசித்த சில பகுதிகள் மாஸ்கோவில் மெழுகு உருளையில் பதிவாகின. இரைச்சலுக்கு அடியில் இன்றும் அவர் விரல்கள் ஓடுவதைக் கேட்கலாம்.

ஷோஸ்தகோவிச் ட்ரியோவின் தொடக்கத்தில் விசில் போல ஒலிப்பது எந்த வாத்தியம்?

செல்லோ. இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. முதல்முறை ஒலிப்பதிவில் கேட்டபோது நானும் அதை வயலின் என்றே நினைத்து, செல்லோ எப்போது நுழையும் என்று காத்திருந்தேன். அது ஏற்கெனவே நுழைந்திருந்தது.

மேடையில் செல்லோக் கலைஞரின் இடது கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் தந்தியை அழுத்தியிருக்கும். வேறொரு விரல் சற்றுத் தள்ளி, அழுத்தாமல், தூசியைத் தொடுவது போல் தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கட்டைவிரல் இருக்கும் இடம் ஸ என்றால் தொடும் இடம் ம. கேட்பதோ ஸ, அதுவும் இரண்டு ஸ்தாயி மேலே. இதை ஹார்மோனிக்ஸ் என்கிறார்கள். போதாததற்கு வாத்தியத்தின் குதிரைமேல் மியூட் வேறு. விரல் ஒரு மயிரிழை பிசகினாலும் ஒலி உடைந்துவிடும். அமைதியான அரங்கில், ஆரம்பத்திலேயே, துணைக்கு ஒருவரும் இல்லாமல் இதை வாசிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு வயலின் வரும், செல்லோவுக்குக் கீழே. அதற்கும் கீழே, பியானோவின் ஆழத்திலிருந்து மூன்றாவது குரல் வரும். மேலே இருக்க வேண்டியது கீழேயும் கீழே இருக்க வேண்டியது மேலேயுமாக உலகமே தலைகீழாகக் கிடக்கிறது. நெருங்கிய நண்பன் செத்துப்போன மறுநாள் காலை அப்படித்தானே இருக்கும்.

சொல்லெர்தின்ஸ்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

இவான் சொல்லெர்தின்ஸ்கி, லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக் என்ற இசை அமைப்பின் கலை இயக்குநர். பல மொழிகள் அறிந்தவர், சொல்வன்மையால் அரங்குகளைக் கட்டிப்போட்டவர், ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் இசைக்குள் ஷோஸ்தகோவிச்சை இழுத்துச் சென்றவர். போர்க் காலத்தில் ஃபில்ஹார்மோனிக்கோடு சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்குக்கு இடம்பெயர்ந்திருந்தார். அங்கேயே 1944 பிப்ரவரி 11 அன்று, 41 வயதில் இறந்தார். ட்ரியோவை அதற்கு முன்பே ஷோஸ்தகோவிச் தொடங்கியிருந்தார். சாவுச் செய்தி நடுவில் வந்தது. அந்த ஆகஸ்டில் முடித்து, நவம்பரில் லெனின்கிராடில் தாமே பியானோவில் உட்கார்ந்து அரங்கேற்றினார்.

இரண்டாம் பகுதி குதித்தோடும். சொல்லெர்தின்ஸ்கியின் குணச்சித்திரமே அது என்று அவருடைய சகோதரி சொன்னதாகக் கூறுவார்கள். மூன்றாம் பகுதியில் பியானோ எட்டே சுரக்கோவைகளை இறக்கிவைக்கும், கல்லை ஒவ்வொன்றாக அடுக்குவது போல. அவை மாறாமல் திரும்பத் திரும்ப வரும். அவற்றின் மேலே வயலினும் செல்லோவும் அழும்.

கடைசிப் பகுதியில் ஏன் யூத நடன மெட்டு?

ஷோஸ்தகோவிச்சின் மாணவர்களில் வெனியமின் ஃபிளெய்ஷ்மன் என்ற யூத இளைஞர் இருந்தார். 1941இல் லெனின்கிராடைக் காக்கப் போய் உயிரிழந்தார். அவர் பாதியில் விட்டுச் சென்ற ஓபராவை ஆசிரியர் 1944 தொடக்கத்தில் முடித்துவைத்தார். சில மாதம் கழித்து, ஜூலையில், செஞ்சேனை மைதானெக் வதைமுகாமை அடைந்தது. நாஜிகளின் கொலைக்கூடங்கள் வெளியுலகுக்குத் தெரியத் தொடங்கின. ட்ரியோ முடிந்தது அடுத்த மாதம். சிரித்துக்கொண்டே அழும் இயல்பு யூத நாட்டுப்புற இசையில் உண்டு என்று அவர் பிற்காலத்திலும் கருதியவர். இந்தப் பகுதியில் நடனம் மெல்லத் தொடங்கி, கால் நிற்க மறுப்பது போல வேகமெடுத்து, கதறலாக மாறும். 1960இல் நான்கு தந்தி வாத்தியங்களுக்கான எட்டாவது குவார்டெட் எழுதும்போது இதே மெட்டுக்கு அவர் திரும்பினார்.

அவருடைய பியானோ குவின்டெட்டும் சோகம்தானா?

இல்லை. 1940இல் எழுதியது. பேத்தோவன் குவார்டெட் கலைஞர்கள், தங்களோடு அவரும் சேர்ந்து வாசிக்க ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பாக்கின் காலத்தை நினைவூட்டும் தெளிவு அதில் உண்டு. முடிவில் ஒரு லேசான புன்னகையும் உண்டு. 1941இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன்.

கர்நாடக வயலின் கேட்டுப் பழகிய காதுக்கு இது பிடிபடுமா?

பிடிபடும். வாத்தியம் அதேதான், நாம் ஸ ப ஸ ப என்று சுருதி கூட்டுகிறோம், அவர்கள் நான்கு தந்திகளையும் ஒன்றுக்கொன்று ஐந்தாம் சுர இடைவெளியில் வைக்கிறார்கள். கமகம் இல்லாதது முதலில் வெறுமையாகத் தோன்றலாம். அதற்குப் பதிலாக ஒரே நேரத்தில் மூன்று வரிகள் ஓடும். ஏதாவது ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். செல்லோவைப் பரிந்துரைப்பேன், மனிதக் குரலுக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

எங்கே உட்கார்வது நல்லது?

முன்வரிசையின் இடப்புறம் கிடைத்தால் பியானோ கலைஞரின் கைகள் தெரியும். அவருக்கு அருகே ஒருவர் உட்கார்ந்து, சரியான கணத்தில் எழுந்து தாளின் மேல் மூலையைப் பிடித்துப் பக்கம் புரட்டுவார். வாசிக்காவிட்டாலும் அவர் மூச்சும் இசையோடுதான் ஓடும். இப்போது பலர் திரையில் படித்து, காலால் மிதித்துப் பக்கம் மாற்றுகிறார்கள். ஒலி மட்டும் முக்கியம் என்றால் நடு வரிசை.

போவதற்கு முன் எந்த ஒலிப்பதிவைக் கேட்கலாம்?

ஷோஸ்தகோவிச்சுக்கு அவரே வாசித்தது: 1947இல் பிராகில், வயலினில் டேவிட் ஓய்ஸ்ட்ராக், செல்லோவில் மிலோஷ் சாட்லோ. பதிவு பழையது, ஆனால் இறந்தவரின் நண்பரே வாசிக்கிறார், வேறென்ன வேண்டும். சாய்கோவ்ஸ்கிக்கு 1950இல் ஆர்தர் ரூபின்ஸ்டைன், ஹைஃபெட்ஸ், பியாட்டிகோர்ஸ்கி வாசித்தது. இந்த ரூபின்ஸ்டைன் நிக்கொலாயின் உறவினர் அல்லர். பெயர் மட்டும் ஒன்று.

எப்போது கைதட்ட வேண்டும்?

பகுதிகளுக்கு நடுவே தட்டுவதில்லை, படைப்பு முழுவதும் முடிந்தபின்தான். ஆனால் இந்த மாலையில் முடிந்தது எப்போது என்பதே கடினமான கேள்வி, ஏனென்றால் மூன்றும் மெல்லத்தான் அடங்குகின்றன. ரக்மானினவ் சவ ஊர்வலத்தின் காலடியோடு தூரமாகிறார். ஷோஸ்தகோவிச்சில் மூன்றாம் பகுதியின் அந்தச் சுரக்கோவைகள் திரும்பி வந்து, ஓரிரு தந்திச் சுண்டல்களோடு காற்றில் கரையும்.

சாய்கோவ்ஸ்கியின் முடிவு கூட்டத்தை ஏமாற்றிவிடும். கடைசி மாறுபாடு பெரும் ஆரவாரமாகப் பாய்ந்து வரும், இதோ முடியப் போகிறது என்று கைகள் எழும். அந்த உச்சத்தில் முதல் பகுதியின் இரங்கல் மெட்டு உடைத்துக்கொண்டு திரும்பும். பிறகு பியானோவின் அடியில் சவ ஊர்வலத் தாளம். வயலினும் செல்லோவும் விம்மி விம்மி ஓய்ந்துவிடும். அதன்பின் பியானோ மட்டும், தாழ்ந்த சுரங்களில், நடந்து தொலைவது போல.

அப்போது வயலின் கலைஞரின் வலது கையைப் பாருங்கள். வில் இன்னும் உயரத்தில் நிற்கும். பியானோ கலைஞரின் கால் பெடலின் மேல் இருக்கும். கால் எடுபட்டு வில் கீழே இறங்கும் வரை காத்திருங்கள்.